ஏலக்காரரின் குரல் இறங்க மறுத்த காலை

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நம் தொழிலுக்கு வருகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடும் இரண்டு சொற்கள், ‘நெட் ப்ராப்ளம்’. சொல்வதற்குச் சுகமான சொற்கள். வாடிக்கையாளர் தலையாட்டிவிடுவார், பழி நம் தலையில் விழாது, நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம். ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் போனில் அந்தச் சொற்களைச் சொல்வது என் காதில் விழுகிறது. விழும்போதெல்லாம் என் வாய் சும்மா இருக்க மறுக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மென்பொருள் பேக்கேஜ் இறங்கவில்லை, இறங்கினாலும் இன்ஸ்டால் ஆகவில்லை என்றால் உங்களுக்கு எரிச்சல் வருகிறது. எனக்கோ இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை துறுதுறுக்கிறது. மனிதர்கள் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்று பேசுவார்கள். கம்ப்யூட்டருக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. ஏன் முடியவில்லை என்று அதுவே சொல்லிவிடும், நாம்தான் காது கொடுப்பதில்லை. முதலியார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் மென்பொருள் இறங்கவில்லை என்று இணைய இணைப்புக் கொடுத்தவரை ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், கடைக்காரர் தம் மகளின் கல்யாண வீடியோவை அந்தக் கம்ப்யூட்டரிலேயே திரும்பத் திரும்பப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். கடுகு வைக்கவும் இடமில்லை. ‘இடமில்லை, இடமில்லை’ என்று அது ஒரு வாரமாகக் கத்தியிருக்கிறது.

அது சின்ன விஷயம். நான் சொல்ல வந்தது குருசுக்குப்பத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக் காலையைப் பற்றி. இன்று உங்களுக்கு டீம் லீடராக உட்கார்ந்து மிரட்டுகிறானே பிரகாஷ், அவனும் நானும் சேர்ந்து போன வேலை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘எழுதுங்க மேடம், மானம் போனா போவட்டும்’ என்றான்.

குருசுக்குப்பத்தில் ராஜவேலு என்று ஒருவர். மீன் ஏலம் விடுவது அவர் தொழில். கரைக்குப் படகு வந்து கூடை இறங்கியதும் அவர் குரல் எழும். அந்தக் குரல்தான் குப்பத்துக்கு அலாரம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. சொல்ல வேண்டியதைப் போனில் தட்டி எதிரில் இருப்பவரிடம் காட்டுவார்.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவர் மகள் கௌரி ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்திருந்தாள். அப்பாவை உட்காரவைத்து மணிக்கணக்காகப் பேசவைத்துப் பதிவுசெய்துகொண்டாள். அவர் ஏலம் விடுவதை யார் யாரோ போனில் எடுத்து வைத்திருந்த துண்டுகளையும் தேடிச் சேர்த்தாள். நகருக்கு வெளியே ஒரு கல்லூரியில் தமிழ்ப் பேச்சு மென்பொருள் செய்துகொண்டிருந்த மாணவிகள் சிலர் அதை வாங்கி, அவர் குரலிலேயே பேசும் ஒரு பேக்கேஜை உருவாக்க ஒப்புக்கொண்டார்கள். ராஜவேலு லேப்டாப்பில் தட்டினால் அது அவர் குரலில் பேச வேண்டும். லேப்டாப் அவர் மகன் பாரிஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து அங்கே போனவன், ஒரு உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறான். அந்த லேப்டாப்பைப் பராமரிப்பது நம் வேலை. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் பிரகாஷ் போய் ஒரு வெள்ளோட்டக் குரலைப் போட்டுவிட்டு வந்திருந்தான். மூக்கடைத்தவர் பேசுவது போல இருந்தாலும் பேசியது. முழுக் குரல் கௌரியின் நிச்சயதார்த்தத்தன்று காலையில்தான் தயாராகும் என்று மாணவிகளின் தலைவி நிவேதா சொல்லியிருந்தாள்.

அந்தக் குடும்பத்து வழக்கம் ஒன்று உண்டு. பெண் கேட்டு வருகிறவர்கள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முறைப்படி கேட்க வேண்டும், பெண்ணைப் பெற்றவர் தம் வாயால் பதில் சொல்ல வேண்டும். அவரால் முடியாவிட்டால் அவருடைய அண்ணன் சொல்லலாம். அண்ணன் அன்று காலையிலேயே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக வந்து உட்கார்ந்திருந்தார். ‘தம்பி எதுக்கு மெனக்கெடணும், நான்தான் இருக்கேனே’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜவேலு அதைக் கேட்டும் கேளாதவராக உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்று அவர் மகளுக்காக அவரே பேச வேண்டும். அதற்குத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.

வெளியே தெருவை அடைத்துப் பந்தல். வீராம்பட்டினத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் பேசி முடித்தாக வேண்டும். ‘புதுக் குரலை இப்பதான் சர்வர்ல ஏத்துனேன், எடுத்துக்குங்க’ என்று நிவேதாவும் போன் செய்துவிட்டாள். பிரகாஷ் உற்சாகமாக லேப்டாப்பைத் திறந்தான். அது பிரெஞ்சு கீபோர்டு. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்து, அசடு வழிந்து, ஒருவழியாக உள்ளே போனான்.

போனதும் முதல் வேலையாகப் பழைய குரலை அழித்தான்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு மனதில் எழுதிக்கொள்ளுங்கள். புதியது கைக்கு வரும் முன் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். நான் வெளியே போய்ப் பந்தலை எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவன் அதைச் செய்து முடித்திருந்தான். ‘சுத்தமா போட்டுடலாம்னு’ என்றான். அந்தச் சுத்தம் எப்படி இருந்தது என்றால், அடுத்த நிமிடம் புதுக் குரலை இறக்கச் சொன்னதும், கோப்பு அங்கே இல்லை என்று கடைசி வரியில் கொட்டை எழுத்தில் பதில் வந்தது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மூக்கடைத்த குரலும் போய், லேப்டாப்பும் ராஜவேலுவைப் போலவே ஊமையாக உட்கார்ந்திருந்தது.

பிரகாஷ் உடனே நிவேதாவுக்குப் போன் போட்டான்.

“ஃபைல் அங்க இல்லன்னு சொல்லுதும்மா.”

“இருக்கே சார், நான் இப்பதானே பார்த்தேன். சரி, எதுக்கும் இன்னொரு தடவ ஏத்திடறேன்.”

ஏற்றினாள். அதே பதில். அவன் தன் போனில் அந்த சர்வரைத் திறந்து பார்த்தான், கோப்பு அங்கே கண் முன்னால் இருந்தது. போனுக்குத் தெரிகிறது, லேப்டாப்புக்குத் தெரியவில்லை. வீட்டு வைஃபையைத் துண்டித்துத் தன் போன் இணைப்பைக் கொடுத்தான். அதே பதில். போனிலேயே இறக்கி லேப்டாப்புக்கு மாற்றிப் பார்த்தான். அந்த ஒரு பேக்கேஜ், பொட்டலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தனக்குத் துணையாக இன்னும் நான்கைந்து பொட்டலம் கேட்டது. அவற்றில் ஒன்று தன் பங்குக்கு வேறு இரண்டைக் கேட்டது. கல்யாண வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் தன் சம்பந்தி வராமல் வரமாட்டேன் என்பாரே, அந்தக் கதைதான்.

“இன்னொரு தடவ ஏத்தட்டுமா சார்?” என்று நிவேதா கேட்டாள். பாவம், அந்தப் பெண்ணுக்கும் அழுகை வரும் போல இருந்தது.

“ஏத்து, ஏத்து” என்றான் இவன்.

வேட்டி கட்டிய அண்ணன் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், ஆவலியா? நான்தான் அப்பவே சொன்னேனே. மிஷின நம்பி நல்ல காரியத்துல உக்காரக் கூடாது. நானே பேசிடறேன் வுடுங்க.”

பிரகாஷுக்கு வியர்த்து ஊற்றியது. அவன் என் காதருகே வந்து, “மேடம், மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா சிஸ்டம் போட்டுடட்டுமா? வேகமா பண்ணா முடிஞ்சிடும்” என்றான்.

நெருக்கடி வந்தால் நமக்கு இந்த வெறி வரும். எதையாவது செய்துகொண்டே இருந்தால் பயம் தெரியாது. ஒன்று மாற்றிப் பார்ப்பது, அது சரிவராவிட்டால் இன்னொன்று, அதற்கும் மசியாவிட்டால் ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து. சில சமயம் அதிர்ஷ்டத்தில் சரியாகிவிடும். அதில்தான் ஆபத்து, ஏன் சரியானது என்று நமக்கே தெரியாது. “நாற்காலிய விட்டு எழுந்திரு” என்றேன். அவன் எழுந்தான். கௌரியின் அம்மா மல்லிகா கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது, அதை எடுத்துக் குடித்தேன். மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துகொண்டிருக்கும்போது இந்தம்மா டீ குடிக்கிறாளே என்று அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதற்குள் ஒரு யோசனை அவனுக்கே வந்தது. கெட்ட யோசனை இல்லை. ராஜவேலுவிடம் குனிந்து, “சார், நீங்க என்ன பேசணுமோ அத இப்பவே எழுதிக் குடுங்க. அவங்க அங்கேயே உங்க குரல்ல ஆடியோவா செஞ்சி அனுப்பிடுவாங்க. நேரம் வந்ததும் போன்ல ஓட விட்டுடலாம்” என்றான்.

அண்ணன்கூடத் தலையாட்டினார். ராஜவேலு போனை எடுத்துத் தட்டி எங்களிடம் காட்டினார்.

‘வேணாம் சார். நான் அங்க உக்காந்து பேசணும். அவங்க கேக்கறதக் கேட்டுட்டு அதுக்கப்புறம் பேசணும்.’

பிரகாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் தடுத்துவிட்டேன். வாடிக்கையாளர் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்ன பிறகு, நமக்கு எது சுலபமோ அதை அவர் தலையில் கட்டுவது நம் தொழில் இல்லை. இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்தவர் சொன்னது. அவர் வேறு எதுவும் அதிகம் பேசியதாக நினைவில்லை.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை மேலே மேலே தள்ளினேன். கடைசி வரியைப் படிக்கவில்லை, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். வலிக்கிற இடத்தைக் காட்டச் சொன்னால் குழந்தை வயிற்றைக் காட்டும், காரணம் தின்ற பண்டமாக இருக்கும். கடைசி வரி வயிற்று வலிதான். பிரகாஷ் அந்தக் கடைசி வரியையே பத்து முறை படித்திருந்தான். அதற்கு ரொம்ப மேலே, கண்ணில் படாத இடத்தில், எச்சரிக்கையாக ஒரு வரி இருந்தது. அதைத் தமிழில் உரக்கப் படித்தேன். “சர்வரில் உள்ள பட்டியல் இன்னும் நடப்புக்கு வரவில்லை. நடப்புக்கு வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பழைய பட்டியலையே வைத்துக்கொள்கிறேன்.”

எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சர்வர் தரும் பட்டியலைப் பார்த்துத்தான் லேப்டாப் எதையும் இறக்கும். பழைய பட்டியல் என்றால் போன வாரத்துப் பட்டியல். அதில் இருப்பது வெள்ளோட்டக் குரல். புதியதை ஏற்றும்போதே அதை நிவேதா சர்வரிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். லேப்டாப் பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை என்று பதில் வராமல் என்ன செய்யும்?

“இதென்ன கூத்து, இன்னும் நடப்புக்கு வரலியா? இப்பதானே ஏத்துனாங்க?” என்றான் பிரகாஷ்.

“அதுதான் எனக்கும் கேள்வி. இன்னொரு தடவ ஓட்டு.”

ஓட்டினான். இந்த முறை அந்த வரி மட்டும் மாறியிருந்தது. இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது. நேரம் போகப் போகக் காத்திருப்பு குறைய வேண்டும் அல்லவா? இங்கே கூடியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய் இல்லை, அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இவ்வளவு வருடம் இருந்தேன். நடுவில் என்ன நடந்தது? நிவேதா மறுபடி ஏற்றினாள், அவ்வளவுதான். நம்மைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் ஏற்ற ஏற்ற, பட்டியலின் பிறந்த நேரம் புதிதாகிக்கொண்டே போகிறது. பட்டியல் புதிதாக ஆக, லேப்டாப்புக்கு அது இன்னும் பிறக்காத குழந்தை. அப்படியென்றால் லேப்டாப் நம்மைவிடப் பின்னால் எங்கேயோ வாழ்ந்துகொண்டிருக்கிறது.

“நிவேதா, இனிமே எதையும் தொடாதம்மா. கைய எடுத்துடு” என்று போனில் சொல்லிவிட்டு, திரை முழுக்க விரிந்திருந்த, கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைச் சுருக்கினேன். மூலையில் கடிகாரம். சுவர்க் கடிகாரம் ஒன்பதைத் தாண்டியிருந்தது. லேப்டாப்பில் மணி ஆறுகூட ஆகவில்லை.

ஆளாளுக்கு நல்ல நேரம் முடிகிறதா என்று சுவரையும் போனையுமே பார்த்துக்கொண்டிருந்தோம். லேப்டாப்பில் மணி என்ன என்று யாரும் பார்க்கவில்லை.

“யாருங்க இதுல நேரத்த மாத்துனது?” என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல. கூடத்தில் பேச்சு நின்றது. கௌரி இல்லை என்று தலையாட்டினாள். பிரகாஷ், “நான் இந்திய நேரம்தான் மேடம் வெச்சிக் குடுத்தேன், சத்தியமா” என்றான். ராஜவேலு மெதுவாகப் போனை எடுத்துத் தட்டினார்.

‘நான்தான். அது எம் பையன் நேரம்.’

மல்லிகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். “அவன் ராத்திரி வேல முடிச்சிட்டு லேட்டா வந்து படுப்பான் மேடம். இவரு தெரியாம போன் பண்ணி எழுப்பி வுட்டுட்டாரு ஒரு நாளு. அவன் ஒண்ணும் சொல்லல, தூக்கத்துலயே பேசுனான். இவருக்குத்தான் மனசு கேக்கல. அன்னிலேர்ந்து அந்தப் பொட்டில அவன் ஊரு மணிதான் ஓடுது. இப்ப எழுந்திருப்பான், இப்ப வேலைக்குப் போவான்னு அதப் பாத்துக்கினே உக்காந்திருப்பாரு.”

வேறு ஊரில் இப்படி ஒரு பழுது வருமா என்று தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் வரும். இங்கே எத்தனை வீடுகளில் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறது, ஒன்று நமக்கு, ஒன்று பாரிஸுக்கு. அவர் அதையே லேப்டாப்பில் செய்திருந்தார். நேர மண்டலத்தைப் பாரிஸ் என்று மாற்றியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. கம்ப்யூட்டர் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தை வைத்துக்கொண்டு, வெளியே காட்டும்போது மட்டும் ஊருக்குத் தகுந்தபடி காட்டும். அவருக்கு அது தெரியாது. தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு முள்ளையே பின்னால் திருகிவிட்டார். போன வாரத்துக் குரல், பிரகாஷ் இறக்கிய அன்றைக்கு ஏற்கெனவே சர்வரில் ஏறி நாளாகியிருந்தது, அதனால் இறங்கியது. இன்றையது சுடச்சுட வந்தது, அதனால் சிக்கிக்கொண்டது.

பிரகாஷின் முகத்தில் விளக்கு எரிந்தது. கையை நீட்டி நேரத்தைச் சரிசெய்யப் போனான். ராஜவேலு சட்டென்று லேப்டாப் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. வேன் வந்துவிட்டது.

இதுவரை நடந்தது தொழில்நுட்பம். இனிமேல்தான் வேலை. பழுது கிடைத்துவிட்டது என்ற குஷியில் நாம் அடுத்தவர் கையைத் தட்டிவிட்டு வேலையை முடிக்கப் பார்ப்போம். தட்டிவிட்டிருந்தாலும் அன்று ஒன்றும் கெட்டிருக்காது, நாங்கள் தெருமுனை தாண்டியதும் அவர் மறுபடி முள்ளைத் திருகியிருப்பார். அடுத்த மாதம் வேறொன்று இறங்காது. ஒருவர் தப்பாக வைத்திருக்கிற ஒன்றுக்குப் பின்னால் அவருக்கு ஒரு தேவை இருக்கும். தப்பை எடுக்கும்போது அந்தத் தேவைக்கு வேறு இடம் கொடுத்துவிட்டு எடுங்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஐயா, உங்க பையன் நேரம் எங்கயும் போவாது. மேல பெருசா பாரிஸ் மணி, கீழ நம்ம மணி. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஓடும். நீங்க பாக்க நான் வெச்சித் தர்றேன். சரின்னா மட்டும் கைய எடுங்க.”

அவர் கையை எடுத்தார்.

இரண்டு கடிகாரத்தையும் வைத்தேன். பாரிஸுக்கு மேலே ‘பையன்’ என்று பெயர் கொடுத்தேன். அவர் அதைத் தன் போனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு பிரகாஷைப் பார்த்து, “இப்ப இறக்கு” என்றேன். பட்டியலை மறுத்துக்கொண்டிருந்த அதே லேப்டாப், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பொட்டலச் சம்பந்திகள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்கினார்கள். கடைசியாகக் குரல். அந்தக் கோடு இடமிருந்து வலமாக நிரம்புவதை நானும் அவனும் கௌரியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இத்தனை ஆயிரம் முறை பார்த்த கோடுதான். அன்று அது நகர்ந்த அழகு தனி.

முடிந்ததும் பிரகாஷ் வழக்கம்போல ‘ஹலோ, ஒன்று இரண்டு மூன்று’ என்று சோதிக்கப் போனான். ராஜவேலு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தானே தட்டினார்.

“மல்லிகா, தண்ணி கொண்டா.”

கூடமே அதிர்ந்தது. கரகரப்பும் கட்டளையும் கலந்த கடற்கரைக் குரல். மல்லிகா சற்று முன்தான் சமையலறைக்குத் திரும்பியிருந்தார். உள்ளேயிருந்து, “கை வேலையா இருக்கேன் இருங்க, இப்பதான் அவசரம்” என்று பதில் வந்தது. எத்தனையோ வருடப் பழக்கம், யோசிக்காமலே வந்துவிட்ட பதில். அதன் பிறகு உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றவர், அவரையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலையில் அழக் கூடாது என்று யாரும் விதி போடவில்லை.

பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. லேப்டாப்பை ஸ்பீக்கரில் இணைத்து ராஜவேலு முன்னால் வைத்தோம். கௌரியின் தோழி ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் பாரிஸிலிருந்து மகன் கலைந்த தலையோடு தெரிந்தான். அண்ணன் தம்பிக்குப் பக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து கைகூப்பினார். “நாங்க வீராம்பட்டினத்துலேர்ந்து பொண்ணு கேட்டு வந்துருக்கோம். பொண்ணப் பெத்தவரு வாயால ஒரு வார்த்த சொல்லணும்.”

ராஜவேலு தட்ட ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே இருந்தார். லேப்டாப் பேசவில்லை. பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. பிரகாஷ் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தான். நான் அவன் முழங்கையைக் கிள்ளி உட்கார வைத்தேன். எழுதுகிறவர் எழுதி முடிக்க வேண்டாமா?

குரல் வந்தது.

“கொஞ்சம் இருங்க. அதுக்கு முன்னால எங் கொழந்தைய நான் கேக்கணும். கௌரி, நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப பேசி முடிச்ச சம்பந்தம் இது. உன்ன நான் ஒரு வார்த்த கேக்கல. கேக்க வாயில்லாம போச்சி. இப்ப கேக்குறன். உனக்கு இஷ்டமா?”

கௌரி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் மட்டும் வந்தது. அண்ணன், “இன்னாடா தம்பி, நாலு பேரு முன்னால போயி…” என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அப்பா அவரைக் கையமர்த்திவிட்டார். எல்லோரும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேசுவதாக இல்லை. ராஜவேலு குனிந்து நாலைந்து எழுத்துகள் தட்டினார்.

“ஒரு தரம்.”

அச்சு அசலாகக் கடற்கரை ஏலம். அவர் குரலில் அதிகம் பதிவாகியிருந்ததே அந்த வார்த்தைகள்தானே. முன்வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள்.

“ரெண்டு தரம்.”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. கௌரி அழுதுகொண்டே சிரித்தாள், முகத்தைப் பொத்திக்கொண்டாள், பிறகு கையை எடுத்துவிட்டு, “எனக்கு இஷ்டம்தான்பா” என்றாள். போனில் இருந்த மகனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

ராஜவேலு மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பிறகு ஸ்பீக்கரின் சத்தத்தைக் கடைசி வரை திருகிவிட்டு, ஒரு விரலால் தட்டினார்.

“மூணு தரம்.”

கடற்கரைப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்கள், அந்த ஏலக் குரலைக் கேட்டுக் கூடையைப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு தெருவில் ஓடி வந்தார்கள்.